சிவப்பு எண்ணெயும் பச்சை உடம்பும்

தாதி தராசு முள்ளைப் பார்த்தாள். கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் முள்ளைப் பார்த்தாள். பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிற தாய்சேய் நிலையத்தில், பிறந்து சில நாளேயான மகனோடு நானும் மனைவியும் நின்றோம்.

பிறகு சொன்னாள். பிறந்தவுடன் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் நிறை குறைவார்கள், சில நாட்களில் ஏறிவிடுவார்கள். உங்கள் மகன் இறங்கின இடத்திலேயே நிற்கிறான். வியாழக்கிழமை மறுபடி கொண்டுவாருங்கள். அன்றைக்கும் ஏறவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டி வரும். டின்னில் வரும் மாப்பால் கொடுத்துப் பார்த்தீர்களா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

மாப்பால் கொடுத்துப் பார்த்தோம், சப்பிவிட்டுத் துப்புகிறான் என்றேன். மனைவிக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கடைசிக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அதற்கான பதில் அவள் முகத்திலேயே இருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் தேத்தண்ணியும் இரண்டு விசுக்கோத்தும் தவிர ஒன்றும் வயிற்றில் வைத்துக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் அப்போது தமிழ்க் கடை என்று சொல்ல இரண்டோ மூன்றோ இருந்தன. தமிழ்ப் பெண்கள் அதைவிடக் குறைவு. தெரு முழுக்க என்னைப் போன்ற இளந்தாரிகளும் எங்களைவிடக் கொஞ்சம் மூத்த அண்ணைமாரும்தான். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன கொடுக்கக்கூடாது என்று கேட்க ஒரு தாய்மனுசி இல்லை. ஊருக்குக் கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பிள்ளை தவழத் தொடங்கிவிடும், அதுவும் கடிதம் போய்ச் சேர்ந்தால்.

இருந்த ஒரே நிபுணர், பியர்ஃபித் என்கிற புறநகரிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அண்ணை. நான் பாத்திரம் கழுவிய உணவகத்தில் அவர் மரக்கறி வெட்டுபவர். ஐந்து அக்காமாரோடு பிறந்தவர். ஐந்து பேருடைய பிள்ளைப்பேற்றையும் வாசலில் நின்று பார்த்தவர் என்பதால் எங்கள் வட்டாரத்தில் அவர்தான் மருத்துவச்சி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், சுக்கு என்கிற வேர்க்கொம்பு என்று அவர் சொல்லச் சொல்ல வாங்கி, வறுத்து, கோப்பிக்கொட்டை அரைக்கிற மெசினில் அரைத்து, உள்ளியைக் கை நிறைய உரித்துப் போட்டு, நான் சரக்குக் கறி வைத்தேன். பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பை ஆற்றவும் பால் ஊறவும் எங்கள் பக்கத்தில் கொடுக்கிற பத்தியக் கறி அது. என் கையில் அது சரக்குக் கறியாக வரவில்லை. கறுப்பாக, கசப்பாக, இருமல் மருந்து போல ஒன்று வந்தது. மனைவி ஒரு கவளம் வாயில் வைப்பாள், கண்ணை மூடுவாள், குசினித் தொட்டிக்கு ஓடுவாள்.

"நாளைக்குச் சரியா வரும்" என்பேன்.

அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கலியாணமான நாளிலிருந்து என்னை ஒரு நாளும் சும்மா விடாதவள். பிரான்சுக்கு வரும் வழியில் பேர்லினில் பிடிபட்டபோதுகூடப் பொலிஸ்காரனுக்குத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவள்.

தராசில் நிறுத்த அன்றைக்கு உணவகத்தின் பின்வாசலில் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார்.

"ஒப்பித்தாலிலை வைக்கிறது எண்டால் சும்மா விளையாட்டில்லையடாப்பா. ஒருக்கா வைச்சாங்கள் எண்டால் பேந்து நூறு கேள்வி. தாய் ஏன் சாப்பிடேல்லை, அறையிலை எத்தினை பேர், தகப்பனுக்கு என்ன வருமானம். தாய் தகப்பனாலை பாக்கேலாது எண்டு எழுதினால், பிள்ளையை வேறை ஆரிட்டையும் குடுத்திடுவாங்கள்."

"அப்பிடிச் செய்வினமோ அண்ணை?"

"ஆர்ஜொந்தெயிலை ஒருத்தற்றை பிள்ளைக்கு நடந்ததாம்."

"ஆர் அது?"

"ஆரெண்டு தெரியாது. நடந்ததாம்."

ஆரென்று தெரியாத அந்த மனிதரின் பிள்ளை அன்று முழுவதும் என்னோடு இருந்தது. தட்டுக் கழுவும்போதும் இருந்தது. மேலே ஓடுகிற மெத்ரோவின் சத்தத்தில், வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரியின் தோளில், என் மகன் போய்க்கொண்டிருந்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் மன்னார்க் கடலில் தொழில் செய்தவர்கள். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை வைத்தவர்கள். நான் உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்தேன். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் படித்ததை நினைத்துப் பார்ப்பேன். பால் எப்படி உண்டாகிறது? தாய் உண்பதிலிருந்து. தாய்க்கு என்ன வேண்டும்? புரதம், கொழுப்பு, நீர். அப்படியென்றால் இவள் எதைச் சாப்பிடுவாள் என்பதுதான் கேள்வி.

அதற்கும் ஒரு பதில் இருந்தது. எங்களுக்கு மேல்மாடியில் பிரேசில் நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். பையா என்கிற கடற்கரை அவளுடைய ஊர். கறுப்பி, அகலமான தோள், ஐம்பது வயதிருக்கும். விடியமுன் எழும்பி அலுவலகங்களைத் துடைத்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவாள். நாங்கள் அவளை மதாம் என்போம். மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படியில் அவள் தலை சுற்றி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, கேட்டுக் கேள்வியில்லாமல் தன் கறுப்பு மண்சட்டியோடு எங்கள் அறைக்கு இறங்கி வந்து சமைத்தாள் மதாம். மொக்கேக்கா என்று பெயர் சொன்னாள். மீனும் இறாலும் தேங்காய்ப்பாலும் போட்ட ஒரு கறி. மேலே சிவப்பு எண்ணெய். அந்த எண்ணெய் ஆப்பிரிக்காவிலிருந்து தன் முன்னோரோடு ஒரே கப்பலில் வந்தது என்றாள். முன்னோரை அடிமைகளாக விற்றார்கள், எண்ணெயை அவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்கு மனைவி மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அடிக்கடி, "அந்த மனுசி வைச்ச கறி" என்பாள்.

சரி, அதை நானே வைப்பது என்று முடிவு செய்தேன். மதாமைக் கேட்டிருக்கலாம். ஆனால் பிரசவ நேரத்திலும் எங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டவள் அவள். திரும்பத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. அவள் சமைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே நான். பரீட்சைக்குப் படித்தவனுக்கு ஒரு கறி நினைவிருக்காதா?

இறால்தான் யோசனை. எங்கள் ஊரில் பச்சை உடம்புக்காரிக்கு இறால் ஆகாது. நண்டு ஆகாது. கிரந்தி என்பார்கள். பால் வழியாகப் போய்ப் பிள்ளையின் மேலெல்லாம் கொப்புளம் போடும் என்பார்கள். தெருவின் இந்தப் பக்கத்தில் நடக்கும்போது அதை நினைத்தேன். அந்தப் பக்கம் கடந்ததும் விலங்கியல் புத்தகத்தை நினைத்தேன். கிரந்தி என்று ஒரு சொல் அதில் எங்கும் இல்லை. இறாலில் புரதம் உண்டு என்று இருந்தது.

புதன்கிழமை காலை சந்தைக்குப் போனேன். லாச்சப்பலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆப்பிரிக்கர்களின் கடைத்தெரு இருக்கிறது. அங்கேதான் அந்த எண்ணெய் கிடைத்தது. போத்தலுக்குள் குளிரில் உறைந்து, செங்கல் கரைத்த மாதிரி நின்றது. மீன்காரனிடம் வெள்ளைச் சதை மீனில் தடித்த துண்டுகள் வாங்கினேன். இறால் வாங்கும்போது கை தயங்கியது. மீன்காரன் தாள் கூம்பை நீட்டிக்கொண்டு, "எவ்வளவு? எவ்வளவு?" என்று கத்தினான். பின்னால் வரிசை நின்றது. கூம்பை நிரப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ஜன்னலோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெளியே தண்டவாளங்கள், கார் து நோர் ரயில் நிலையத்துக்குள் போகிற ரயில்கள். பிள்ளை அழவில்லை. அழுகிற பிள்ளைக்குப் பசி, அழாத பிள்ளைக்குப் பலமில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைத்தேன்.

"உதென்ன?" என்றாள்.

"மதாமின்ரை கறி. இண்டைக்கு நான் வைக்கிறன்."

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைத் திருப்பி மறுபடியும் ரயிலைப் பார்த்தாள்.

மீனைத் தேசிக்காய்ப்புளியும் உப்பும் தட்டிய உள்ளியும் போட்டுப் பிரட்டி வைத்தேன். இறாலைக் கோது நீக்கி, முதுகுக் குடலை எடுத்து, அதையும் சேர்த்தேன். தேங்காயை உடைத்தேன். திருவலை இல்லை, முள்ளுக்கரண்டியால் சுரண்டி, சுடுதண்ணியில் பிழிந்து, கெட்டிப் பால் ஒரு கோப்பை எடுப்பதற்குள் விரல் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. வெங்காயத்தையும் தக்காளியையும் குடைமிளகாயையும் வட்டம் வட்டமாக அரிந்தேன். மதாம் செய்தது போலச் சட்டியின் அடியில் வெங்காயம், அதன் மேல் தக்காளி, அதன் மேல் மிளகாய், கொத்தமல்லி இலை. மேலே மீன். மறுபடியும் அதே வரிசை. மேலே இறால். எங்களிடம் மண்சட்டி இல்லை, பெரிய அலுமினியச் சட்டிதான்.

எங்கள் கை வேறு விதமாகப் பழகிய கை. கறி என்றால் முதலில் எண்ணெய் கொதிக்க வேண்டும், வெங்காயம் பொன்னிறமாக வேண்டும், தூள் போட வேண்டும், புளி கரைத்து விட வேண்டும், அகப்பையால் துழாவ வேண்டும். இதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் பச்சையாகச் சட்டிக்குள் கிடக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. துழாவக்கூடாது, மீன் உடைந்துவிடும். சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். தாளிக்காத கறியை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. தூள் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு, அவள் விரும்பிச் சாப்பிட்டது இந்தத் தூள் இல்லாத கறியைத்தான் என்று நினைத்துத் திரும்ப வைத்தேன்.

மூடியைத் திறந்தபோது தக்காளியும் வெங்காயமும் தாமாகவே தண்ணி விட்டிருந்தன. தேங்காய்ப்பாலை ஊற்றினேன். அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது. பியர்ஃபித் அண்ணை. வேலைக்குப் போகிற வழியில், மாப்பால் டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னடாப்பா, கலியாண வீடு மாதிரி மணக்குது" என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த மாதிரியே நின்றார்.

"இறாலோ?"

"ஓம் அண்ணை."

"ஆருக்கு?"

நான் மனைவியின் பக்கம் பார்த்தேன்.

"விசரே உனக்கு? பச்சை உடம்புக்காரிக்கு இறாலோ குடுக்கப் போறாய்?"

"அதெல்லாம் ஊர்க்கதை அண்ணை. இறாலிலை இருக்கிறது புரதம். பாலுக்கு அதுதான் வேணும்."

"ஓ, படிச்ச பிள்ளை." அவர் டின்னை மேசையில் குத்தி வைத்தார். "என்ரை மூத்த அக்கா பிள்ளை பெத்து முழுகமுதல் ஒரு நண்டுக்கால் சூப்பினவா. பிள்ளைக்கு ஒரு மாதம் மேலெல்லாம் சிரங்கு. உன்ரை புத்தகம் வந்தோ மருந்து பூசினது?"

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ."

"நான் போடேல்லை. நாளைக்கு நீ போடுவாய்."

மனைவி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும். சிவப்பு எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணியில் வைத்து உருக்கி, சட்டிக்கு மேலே சுற்றி வர ஊற்றினேன். வெள்ளைப் பாலில் செம்மஞ்சள் வட்டங்கள் விரிந்தன. எண்ணெயைக் கடைசியில் ஊற்றுகிற கறியை அண்ணை அதுவரை கண்டிருக்கமாட்டார். "உது வெந்த கறியோ, வேகாத கறியோ?" என்றார். நான் சட்டியின் காதைப் பிடித்து ஆட்டினேன்.

சோறு போட்டு, கறியை ஊற்றி, மனைவியிடம் கொண்டுபோனேன். அண்ணை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம். அவள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் கோப்பையை மடியில் வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டாள்.

குசினித் தொட்டிக்கு ஓடவில்லை. அடுத்ததை எடுத்தாள். பிறகு மீன். பிறகு சோற்றைக் குழைத்து, குனிந்த தலை நிமிராமல், கோப்பையை வழித்தெடுக்கும் வரைக்கும் சாப்பிட்டாள். கோப்பையை நீட்டினாள். நான் ஓடிப்போய் இன்னொரு தரம் போட்டேன். பிள்ளை என் தோளில் கிடந்தான். என் கண்ணில் தண்ணி வந்ததை அண்ணை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவு திறந்தே கிடந்தது. வேலை முடிந்து மாடிப்படி ஏறி வந்த மதாமை அந்த மணம் வாசலிலேயே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். "ஆ! யார் வைத்தது? நீயா?" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்கும் எனக்கும் இடையில் இருந்தது இரண்டு பேருடைய உடைந்த பிரெஞ்சு. அவள் சந்தோசமாகச் சட்டி மூடியைத் தூக்கினாள். "நிறம் சரி. மணம் சரி" என்றாள். அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த மனைவியின் கையில் கோப்பையைக் கண்டாள். கோப்பையில் இறால்.

மதாமின் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு அழுதான்.

"இவளுக்கா? இவளுக்கா கொடுத்தாய்?"

"ஏன் மதாம்?"

"இறால்! பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இறால்!" அவள் போய்க் கோப்பையைப் பிடுங்கினாள். "உனக்கு அம்மா இல்லையா? உங்கள் ஊரில் பெண்கள் பிள்ளை பெறுவதில்லையா? நாற்பது நாள்! நாற்பது நாளைக்கு இறால் இல்லை, நண்டு இல்லை, செதில் இல்லாத மீன் இல்லை, பன்றி இல்லை. உடம்புக்குள் இருக்கிற கெட்டதையெல்லாம் அது கிளப்பிவிடும். புண் ஆறாது. பாலில் போகும். பிள்ளையின் தோலில் வரும்."

அதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் சொன்னாள். அந்தச் சொல் எனக்கு நினைவில்லை. அதன் தமிழ் எனக்குத் தெரியும்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

நான் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"சொல்லன்ரா, மனுசி என்ன சொல்லுது?"

"கிரந்தியாம்" என்றேன்.

அண்ணை நாற்காலியில் உட்கார்ந்தார். "பாத்தியோ" என்றார். வென்றவரின் குரலாக அது இல்லை. அவருக்கும் பயம் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

என் நிலையை எப்படிச் சொல்வது? மன்னாரில் சொன்னால் ஊர்க்கதை. அண்ணை சொன்னால் அக்காமார் கதை. ஆனால் எங்களைக் கேள்விப்பட்டே இராத ஒரு கடற்கரையில், எங்கள் கடலையே காணாத பெண்கள், அதே இறாலை, அதே நண்டை, அதே பச்சை உடம்புக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டு கடலில் ஒரே சொல் எப்படி முளைக்கும்? உண்மையாக இருந்தால்தானே? விலங்கியல் புத்தகம் அந்த நிமிடமே என் தலைக்குள் மூடிக்கொண்டது. தாயும் மகனுமாக இரண்டு உயிருக்கும் சேர்த்து, என் கையாலேயே, இரண்டு தரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"வாந்தி எடுக்கச் சொல்" என்றாள் மதாம்.

"வாந்தி எடுத்தால் பிறகு பால்?" என்றேன்.

மதாம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சட்டியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது மனைவி பேசினாள். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, எவரையும் பார்க்காமல் பேசினாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இறால் ஆகாது எண்டு. எங்கடை வீட்டிலை சொல்லாததே? தெரிஞ்சுதான் சாப்பிட்டனான்."

"தெரிஞ்சோ? பேந்து ஏன்..."

"கிரந்தி வந்தால் மேலிலை வரும். பூசிச் சுகப்படுத்தலாம்." அவள் குரல் உடைந்தது. "பால் இல்லாமல் போனால் பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்கள். நீங்கள் சொல்லாட்டி எனக்கு விளங்காதோ? அந்தத் தாதி 'மான்ஜே' எண்டு சாப்பாட்டைத்தான் கேட்டவள். உங்கடை முகத்தைப் பாத்தனான். அண்டையிலிருந்து என்னத்தையாவது விழுங்கவேணும் எண்டுதான் பாக்கிறன். இறங்குதில்லை. இண்டைக்குத்தான் இறங்கினது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் அதுவரை அவள் சோர்ந்து கிடக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளும் பயந்துகொண்டிருந்தாள். ஒரே அறையில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மதாமுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் பிடுங்கிய கோப்பையைத் திரும்ப எடுத்தாள். பிறகு கோப்பையிலிருந்த இறாலை ஒவ்வொன்றாக எடுத்து அண்ணையின் கையில் வைத்தாள். "நீ சாப்பிடு" என்றாள். மீதி மீனையும் சோற்றையும் மனைவியின் கைக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள். அண்ணை கையிலிருந்த இறாலை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். பிறகு தின்றார். "உப்புக் காணாது" என்றார்.

அன்று பின்னேரம் நான் வேலைக்குப் போகவில்லை. அண்ணை போய் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னார். பிள்ளையின் மேலைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. கழுத்து மடிப்பு, கக்கம், காதுக்குப் பின்பக்கம். பார்த்துவிட்டு, குளிர் பிடிக்குமென்று மறுபடியும் சுற்றுவேன். ஏற்கெனவே போட்டிருந்த சட்டைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் இன்னொன்று, தலைக்குத் தொப்பி. பால் குடிக்கும்போது விழுங்குகிற சத்தம் கேட்டது. முதல் நாட்களில் அந்தச் சத்தம் இருக்கவில்லை. அது நல்லதா, நஞ்சு போகிற சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் சட்டையைக் கழற்றினேன். நெஞ்சில், கழுத்தில், சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள்.

மனைவியைக் கூப்பிடவில்லை. அவளே வந்து பார்த்தாள். மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பிள்ளையின் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"இண்டைக்குப் போகவேண்டாம்" என்றேன். "நாளைக்கு எண்டு சொல்லுவம். உதைக் கண்டால் உடனை வைச்சிடுவாங்கள்."

"போகாட்டி?"

நான் கம்பளிகளை மறுபடியும் பிள்ளைக்கு மாட்டினேன்.

"போகாட்டி வீட்டை வருவாங்கள். வாங்கோ."

நிலையத்துக்குப் போகிற வழி முழுக்க என்ன சொல்வது என்று பிரெஞ்சில் வசனம் கட்டிக்கொண்டு போனேன். மனைவி சாப்பிட்டாள். தவறுதலாகச் சாப்பிட்டாள். இல்லை, நான்தான் கொடுத்தேன். எழுதுவதென்றால் என்னைத்தான் எழுத வேண்டும். தகப்பனைத் தண்டியுங்கள், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு வினைச்சொல்லையும் சரியான காலத்தில் வைத்துப் பார்த்தேன்.

உள்ளே போனதும் அவையெல்லாம் மறந்துவிட்டன. அதே தாதி. மேசையில் பிள்ளையைக் கிடத்தி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொப்பி, கம்பளி, கம்பளி, சட்டை, உள்சட்டை. கழற்றக் கழற்ற அவள் புருவம் உயர்ந்தது. பொட்டுகளைக் கண்டாள். விரலால் தொட்டாள்.

"இறால்" என்றேன். "நேற்று என் மனைவி இறால் சாப்பிட்டாள்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு கம்பளிக்குள் உங்களைப் போட்டால் உங்களுக்கும் வரும், மொசியே" என்றாள். "வேர்க்குரு. பிறந்த பிள்ளைகளுக்குச் சாதாரணம். பாதியைக் கழற்றிவிடுங்கள்."

பிறகு தராசில் வைத்தாள். முள் ஆடியது. நான் முள்ளைப் பார்க்காமல் மனைவியின் கையைப் பார்த்தேன். அவள் தன் சங்கிலியைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்திருந்தது. தாதி அட்டையில் எழுதினாள். ஏறியிருக்கிறது என்றாள். அதிகமில்லை, ஆனால் ஏறத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி தேவையில்லை. அடுத்த வாரம் வாருங்கள்.

நான் தமிழில் சொல்வதற்கு முன்பே மனைவிக்கு விளங்கிவிட்டது. பிள்ளைக்கு உடுப்புப் போட என்னால் முடியவில்லை, பொத்தான் துவாரத்துக்குள் போகவில்லை. அவள்தான் போட்டாள், ஒரே ஒரு கம்பளியோடு. தாதி எங்களை வாசல் வரை விட்டுவிட்டு, எந்த மாதிரி இறால், எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டாள். தேங்காய்ப்பாலில் என்று சொன்னேன்.

கம்பளியா, கிரந்தியா என்று நான் இன்றைக்கும் முழுதாகத் தீர்த்துக்கொள்ளவில்லை. தாதியின் முன்னால் நின்றபோது அவள் சொன்னதை நம்பினேன். தெருவுக்கு வந்ததும் மதாமின் முகம் வந்தது. மூன்று நாளில் பொட்டு மறைந்தது, அதற்கும் இரண்டு பக்கமும் காரணம் சொல்லலாம். மதாம் தன் நாற்பது நாள் முடியும் வரை எங்கள் குசினிக்குள் ஓர் இறாலையும் விடவில்லை. வேலைக்குப் போய் வரும்போது எங்கள் கதவைத் தள்ளி, சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள்.

ஆனால் அது பிறகு. அந்த வியாழக்கிழமை, நிலையத்தை விட்டு வெளியே வந்து மெத்ரோ பாலத்தின் கீழே நடந்துகொண்டிருந்தபோது, மனைவி நின்றாள். ஏதோ நடந்துவிட்டது என்று நான் பதறித் திரும்பினேன்.

"என்ன? என்ன செய்யுது?"

"பசிக்குது" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருந்த பாண் கடைக்கு ஓடி, கையில் வந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, பாணை முறித்து, நடந்துகொண்டே தின்றாள்.

"மத்தியானத்துக்கு என்ன வைக்க?" என்று கேட்டேன்.

"என்னத்தையாவது வையுங்கோ. மீன் வையுங்கோ." வாயிலிருந்ததை விழுங்கினாள். "உங்கடை சரக்குக் கறியை மட்டும் வைக்காதேங்கோ, கும்பிட்டன்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வரவில்லை. பிள்ளையின் பிடரியில் இரண்டு விரலை வைத்து, சூடாக இருக்கிறதா, குளிராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் நடந்தேன்.